சுண்டு விரல் நுழையும் அளவு

பயம் என்ற உணர்ச்சியே இல்லாமல் பிறந்தவர்கள் மனிதகுல வரலாற்றில் மிகச் சிலர். அந்தச் சிலரில் ஒருவன் இப்போது உங்கள் காவல் நிலையத்தின் பின்னறையில் உட்கார்ந்து, நீங்கள் கொடுத்த பேனாவை உதறிக்கொண்டிருக்கிறான். பெருமைக்காகச் சொல்லவில்லை, ஐயா. சிலருக்குப் பிறவியிலேயே நல்ல குரல் அமைந்துவிடுகிறது, சிலருக்குச் சுருட்டை முடி. எனக்கு இது அமைந்தது.

நடந்ததை என் கையாலேயே எழுதச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறீர்கள். எழுதுகிறேன். குளிர்காலக் கல்யாணத்துக்குப் பூ எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது புரியும்.

கோடையில் பூ தானாக வந்து சிரிக்கும். குளிர்காலத்தில் வருவதெல்லாம் மொட்டு. கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி வாயை இறுக மூடிக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கும். அதை ஒரு சூடான அறையில் வைத்து, ஜன்னல் இடுக்கில் குளிர்காற்று வராமல் பழுப்பு டேப் ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்கக் கெஞ்ச வேண்டும். மறுநாள் காலையில் மலர்ந்திருக்கும். கல்யாண வீட்டார் வந்து, "அடடா, எவ்வளவு இயற்கையா இருக்கு" என்பார்கள். நாங்கள் ஆமாம் என்போம்.

நாங்கள் என்றால் என் அத்தை, என் அக்கா, நான். கடை அத்தையுடையது. அப்பா, அம்மா இருவரும் போன பிறகு அத்தை எங்களைக் கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகளில் குடிவைத்தார். அக்கா படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் உட்கார்ந்தாள். நான் படித்தேன். இப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. அங்கே மாதம் ஒருமுறை சுவரில் ஒட்டும் நகைச்சுவைப் பத்திரிகைக்கு ஆசிரியரும், எழுத்தாளரும், பசை தடவுபவரும் நானே. 'பயந்தாங்கொள்ளிகளும் அவர்தம் வகைகளும்' என்ற என் ஆராய்ச்சிக் கட்டுரையை முதல்வர் கிழித்துப் போட்டார். அதில் மூன்று வகை சொல்லியிருந்தேன். பூட்டை இழுத்துப் பார்ப்பவர்கள் ஒரு வகை. கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்ப்பவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது, எந்த அறைக்குள் போனாலும் முதலில் ஜன்னலிடம் போய் நிற்பவர்கள். மூன்றாவது வகைக்கு அப்போது என்னிடம் உதாரணம் இல்லை. அது கடைக்குத் தானாகவே நடந்து வந்தது.

இந்த அறை ஹீட்டரை எப்போது சர்வீஸ் செய்தார்கள், ஐயா? சும்மாதான் கேட்கிறேன்.

அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வாராவாரம் வந்து ஒரே ஒரு கார்னேஷன் பூ வாங்குவார். கொத்தாகக் கொடுத்தால் வேண்டாம் என்பார். அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"சார், ஒத்தைப் பூவைக் கொண்டுபோய் யாருக்குக் குடுக்கறீங்க? அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லறதில்லையா?"

"பொண்ணெல்லாம் இல்லம்மா. கட்டில் பக்கத்துல வச்சுக்குவேன்."

"வச்சு?"

"அது முழிச்சிருக்கான்னு பார்த்துட்டுத் தூங்குவேன்."

அத்தை அவரை ஒரு மாதிரி பார்த்தார். அக்காவுக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான். ஒரு கல்யாணம் முடிவாவதற்கு அதைவிட வேறு எதுவும் தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு இது புரியாது. எங்கள் தொழிலில் 'கார்னேஷன் தூங்கிவிட்டது' என்று ஒரு பேச்சு உண்டு. காற்றில் அடுப்புப் புகை கலந்தாலும், சரியாக எரியாத ஹீட்டரின் வாடை கலந்தாலும், அந்தப் பூ இதழ்களை உள்ளுக்குச் சுருட்டிக்கொண்டு, குழந்தை முஷ்டி மாதிரி ஆகிவிடும். மறுபடி விரியாது. நம் மூக்குக்கு எதுவும் தெரியாது. பூவுக்குத் தெரியும். மற்ற பூக்கள் அப்படி இல்லை. செவ்வந்தி எந்தக் காற்றிலும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். கார்னேஷன் அப்படித் தூங்கிப்போகிறது என்பதற்காகவே எங்கள் கடையில் தேநீர் போடும் அடுப்பை வெளியே தள்ளிவிட்டோம்.

வாத்தியார் சிறுவனாக இருந்தபோது ஒரு கடும் குளிரில் வீட்டார் எல்லாரும் ஒரே அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். இவர் மட்டும் ஜன்னலோரம். அந்த ஜன்னல் சட்டம் கோணலானது, சரியாக மூடாது. சுண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருந்ததாம். காலையில் இவர் மட்டும் எழுந்தார். அப்போதிலிருந்து எங்கே போனாலும் முதலில் ஜன்னலைத் திறந்து, சந்தில் சுண்டு விரலை விட்டுப் பார்ப்பார். விரல் நுழைந்தால்தான் உட்காருவார்.

வருத்தமான கதைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் வருத்தமான கதை உள்ளவர் நகைச்சுவைக்கு உரியவர் அல்ல என்று எந்தச் சட்டமும் இல்லை. நான் அவருக்கு 'ஜன்னல்' என்று பெயர் வைத்தேன். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் சாப்பிட வந்தவர், கொட்டும் பனியில் ஜன்னலைத் திறந்தார். நாங்கள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சூப் குடித்தோம். அவர் போனதும் நான் அவரைப் போலவே நடந்து காட்டினேன். ஜன்னலிடம் போய் மரியாதையாக வணங்கி, சுண்டு விரலை நீட்டி, "இன்னும் உயிரோட இருக்கேன், நன்றி" என்றேன்.

அக்கா சிரித்தாள். என் அக்கா சிரித்தால் அடுக்கி வைத்த பாத்திரங்கள் சரிந்த மாதிரி இருக்கும். நான் எழுதிய எல்லாவற்றையும் முதலில் அவளிடம்தான் படித்துக் காட்டுவேன். பாத்திரம் சரிந்தால் சுவரில் ஒட்டுவேன், சரியாவிட்டால் கிழித்துவிடுவேன். கல்லூரியே கைதட்டினாலும் எனக்கு அது இரண்டாம்பட்சம். இதை ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

பூ தேர்ந்தெடுத்த நாளுக்கு வருகிறேன். கடையில் வாளிகளைச் சுற்றி நாங்கள் மூவரும் நின்றோம்.

"இந்தக் குளிர்ல ரோஜா கேட்டா அது நம்மகிட்ட மூஞ்சியைத்தான் காட்டும்" என்றார் அத்தை. "மேடைக்குச் செவ்வந்தி போட்டுடலாம். வெள்ளைச் செவ்வந்தி. எதையும் தாங்கும்."

"அத்தை மாதிரி" என்றேன்.

"வாயைப் பாரு. நான் தாங்கினதாலதான்டா நீ இங்க நின்னு பேசற."

அக்கா கார்னேஷன் வாளியில் ஒவ்வொரு பூவாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை இதழில் ஓரம் மட்டும் மெல்லிய சிவப்பு. யாரோ ஊசி முனையால் வரைந்த மாதிரி.

"இது மட்டும் எனக்குத் தனியா வேணும் அத்தை. மாப்பிள்ளை ரூம்ல ஒரு ஜாடி வைக்கணும்."

"அங்க எதுக்குடி? அங்க யாரு போட்டோ எடுக்கப் போறா?"

"அவரு ராத்திரி ரயில்ல வராரு. ரயில்ல ஜன்னல் திறக்காது, தூங்கவே மாட்டாரு. சாயங்காலம் கல்யாணத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் படுக்கணும் இல்ல? அந்த ரூம்லதான் நம்ம செவ்வந்தி எல்லாம் மலர வச்சிருப்போம். ஜன்னலைத் திறந்தா பூ கருகிடும். மூடித்தான் ஆகணும். பக்கத்துல இது இருந்தா படுப்பாரு."

"ஆக, மாமா தூங்குவாரு, பூ காவல் காக்கும்" என்றேன். "கல்யாணத்துக்கப்புறம் அக்கா தூங்குவா, மாமா ஜன்னலைக் காவல் காப்பாரு. குழந்தை பிறந்தா அதுக்கு ஜன்னலோரம் தொட்டில். பேரு கூட வச்சாச்சு, வென்டிலேட்டர்."

பாத்திரம் சரியவில்லை. அத்தை மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"போதும்டா" என்றாள் அக்கா. கோபமாக இல்லை. அதுதான் பிரச்சினை. "நீ சொல்லும்போது முன்ன சிரிப்பு வந்துச்சு. இப்ப வரல. அம்மா போனதுக்கப்புறம் நான் ஒழுங்கா தூங்கினதே இல்ல, தெரியுமா? உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு உன் மூச்சையே கேட்டுக்கிட்டுப் படுத்திருப்பேன். அவர் பக்கத்துல சும்மா உட்கார்ந்திருந்தாக்கூட எனக்குக் கண்ணு சொருகுது. அவரு பார்த்துக்குவாருன்னு இருக்கு."

பிறகு, வேறு ஊரில் அவர்கள் பார்த்து வைத்திருக்கும் வீட்டைப் பற்றிச் சொன்னாள். நாலு பக்கமும் ஜன்னலாம்.

"நீ மேல தனியா இருந்துக்குவ இல்ல?"

"எனக்கென்ன. ஜம்முனு இருப்பேன்."

"விளக்கைப் போட்டுட்டே தூங்கு, பரவாயில்ல. கரண்ட் பில்லை அத்தை கட்டிக்குவாங்க."

அத்தை இருக்கும்போது அவள் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. விளக்கு அணைத்தால் நான் தூங்க மாட்டேன் என்பது கண் சம்பந்தப்பட்ட விஷயம். சிறு வயதில் அவளுடைய போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டு படுத்ததும் அப்படித்தான், போர்வை நழுவாமல் இருக்க. பயத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. வாக்குமூலத்தில் எல்லாவற்றையும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

கல்யாண விருந்தில் நகைச்சுவை உரை ஆற்றுவது நான் என்று முன்பே முடிவாகியிருந்தது. உரை தயாராக இருந்தது, முடிவு மட்டும் இல்லை. எந்த நகைச்சுவைக்கும் முடிவுதான் உயிர். 'பெரியோர்களே, இன்று பிற்பகல் ஜன்னல் மூடிய அறையில் நம் மாப்பிள்ளை தூங்கினார், இதோ குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார், எல்லாரும் தொட்டுப் பார்க்கலாம்' என்று முடித்தால் மண்டபம் அதிரும். அக்காவும் சிரித்துத்தான் ஆக வேண்டும். என் நோக்கம் இவ்வளவுதான் என்பதைத் தயவுசெய்து கவனத்தில் கொள்ளுங்கள்.

முந்தின நாள் மதியமே மண்டபத்தின் பின்னறையில் செவ்வந்தி வாளிகளை வரிசையாக வைத்தோம். ஜன்னல் இடுக்குகளுக்கு அத்தை டேப் ஒட்டினார். அது எப்போதும் செய்வதுதான், அதில் யார் மேலும் தப்பில்லை. கட்டில் பக்கத்து மேஜையில் அக்கா தன் ஜாடியை வைத்து, ஒவ்வொரு காம்பையும் சரிசெய்தாள். மண்டபத்து மேனேஜர் கேஸ் ஹீட்டரை மூட்டினார். சுவாலை நீலமாக இல்லாமல் கொஞ்சம் மஞ்சளாக எரிந்தது.

"ஆரம்பத்துல கொஞ்சம் முக்கும். அப்புறம் பழகிடும்" என்றார். அவருடைய மருமகனைப் பற்றிச் சொல்வது போல இருந்தது.

கல்யாணத்தன்று பகல், பூவைப் பார்க்க நான் மட்டும் போனேன். கதவைத் திறந்தேன். செவ்வந்தி எல்லாம் மலர்ந்து, அறை முழுக்க வெள்ளையாக இருந்தது. அவ்வளவு அழகாக எங்கள் கடைப் பூ எப்போதும் மலர்ந்ததில்லை. உள்ளே நின்று ரசித்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலைவலி வந்தது. சிந்தனையாளர்களுக்கு அடிக்கடி வருவதுதான்.

பிறகு மேஜையைப் பார்த்தேன். அக்காவின் ஜாடியில் இருந்த கார்னேஷன்கள் தூங்கிவிட்டிருந்தன. ஒன்று பாக்கியில்லை. எல்லாம் இதழை உள்ளே சுருட்டிக்கொண்டு, அந்தச் சிவப்பு ஓரம் மட்டும் வெளியே தெரிய, இறுக்கி மூடிய கைகள் மாதிரி இருந்தன.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதுதானே உங்களுக்கு வேண்டும்? ஜாடியை எடுத்தேன். தூங்கிய பூக்களை மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் குப்பைத் தொட்டியில் போட்டேன். கடைக்குப் போய், குளிர் அறையில் இருந்த புதுக் கார்னேஷன்களை எடுத்துவந்து ஜாடியில் வைத்தேன். வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைத்தேன். எந்தப் பூக்கடைக்காரரும் இதைத்தான் செய்வார். நல்ல கடை என்றால் சொல்லாமலே செய்வார்கள்.

புதுப் பூ தூங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அது எனக்குத் தெரியும். தொழில் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

கடையில் ஓரம் சிவந்தது தீர்ந்துவிட்டிருந்தது. வெறும் வெள்ளைதான் இருந்தது. யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். பூக்கடைக்காரனுக்கு வரக்கூடாத நினைப்பு அது.

ஐயா, இந்த அறையின் கதவு எந்தப் பக்கம் திறக்கும்? நான் வரும்போது கவனிக்கவில்லை.

மாப்பிள்ளை வந்தார். ராத்திரி முழுக்க ரயில் பெட்டியின் வாசலோரம் நின்றே வந்திருக்கிறார். கண்கள் சிவந்து, உதடு வெடித்து, கல்யாண மாப்பிள்ளை போலவே இல்லை. அறைக்குள் வந்ததும் நேராக ஜன்னலிடம் போனார். சுண்டு விரல் தானாக நீண்டது. டேப்பைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பூவுக்காக, மாமா" என்றேன். "திறந்தா மேடை காலி. அக்கா அழுதுடுவா."

"தெரியும் மாப்ள. போன்ல சொன்னா." மேஜைப் பக்கம் வந்து குனிந்தார். அவ்வளவு நெருக்கமாக யாரும் பூவைப் பார்த்து நான் பார்த்ததில்லை. "ஓரம் சிவப்பா இருக்கும்னு சொன்னாளே?"

"அதையெல்லாம் போட்டோவுக்குன்னு முன்னாடி கொண்டுபோயிட்டாங்க. இது இப்ப வச்சது. புத்தம் புதுசு."

"புதுசா?" அவர் நிமிர்ந்தார். "அப்ப இது இன்னும் பார்க்கவே ஆரம்பிக்கலையே."

அவர் ஜன்னலைப் பார்த்தார், செவ்வந்திகளைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, மனதில் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். கடைசியில் வெட்கத்தோடு சிரித்தார்.

"சிரிக்காத மாப்ள. பயமா இருக்கு எனக்கு."

"நான் வாசல்லயே உட்கார்ந்திருக்கேன், மாமா. அப்பப்ப எட்டிப் பார்க்கறேன். நீங்க தூங்குங்க."

"நீ இருக்கியா?"

"எங்க போகப்போறேன்?"

"அப்ப சரி" என்றார். அவ்வளவு சுலபமாக. ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டுப் படுத்தார். "உங்க அக்கா சொல்லுவா, அவன் வாய்தான் அப்படி, மனசு வேறன்னு."

கதவைச் சாத்திவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். வராந்தாவில் யாரும் இல்லை. அக்காவும் அத்தையும் முன்பக்கத்து அறையில் இருந்தார்கள், விருந்தாளிகள் சாயங்காலம்தான் வருவார்கள். நான் என் உரையைத் தாழ்ந்த குரலில் ஒத்திகை பார்த்தேன். நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டிருந்தேன், சாய்ந்துகொள்ள வசதியாக. அந்தக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. கட்டியவர்கள் அப்படிக் கட்டிவிட்டார்கள்.

எட்டிப் பார்க்கவில்லை. தூங்குகிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாது.

நடுவில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று அன்று உங்கள் ஆளிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். ஒருமுறை கட்டில் கிறீச்சிட்டது. பிறகு ஜன்னல் பக்கம் ஏதோ சுரண்டுகிற சத்தம், டேப்பை நகத்தால் கிளப்புவது போல. பிறகு அவருடைய குரல். அலறலெல்லாம் இல்லை. தண்ணீர் கேட்பது போலச் சாதாரணமாக இருந்தது.

"மாப்ள, இது வரமாட்டேங்குது."

"ஒரு நிமிஷம், மாமா" என்றேன்.

உரையின் முடிவுப் பகுதியில் இருந்தேன். அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். முடித்தேன். மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன். அப்போது என் முதுகில் கதவு லேசாக அழுத்தியது. மிக லேசாக. பூனை உரசுவது போல. நான் சாய்ந்தபடியே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அழுத்தம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

அக்கா அவரை எழுப்ப வந்தாள். கல்யாண உடையில் இருந்தாள். "தூங்கறாரா?" என்று கிசுகிசுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "நிஜமாவா? மூடின ரூம்லயா?" நான் எழுந்து நாற்காலியை நகர்த்தினேன்.

அவர் கதவுக்கு அருகே தரையில் கிடந்தார். மேஜையில் கார்னேஷன்கள் நன்றாக விழித்திருந்தன.

நீங்கள் வந்தீர்கள். ஹீட்டரின் புகைக்குழாயில் பனிக்கட்டி அடைத்திருந்ததாகக் கண்டுபிடித்தீர்கள். விபத்து என்று முடிவானது. மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அத்தை டேப் ஒட்டிய தன் கைகளைப் பார்த்து அழுதார். நானும் அழுதேன், ஐயா, உண்மையாகவே. அக்கா மட்டும் அழவில்லை. அவள் ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளை. வெறும் வெள்ளை. பிறகு கல்யாண உடையோடு மண்டபத்துக்குப் பின்பக்கம் போனாள். குப்பைத் தொட்டி மூடி திறக்கும் சத்தம் எனக்கு உள்ளே கேட்டது.

அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை. வேறு ஊர் வீட்டுக்கும் போகவில்லை. முன்பு போலவே கடைக்கு மேலே நாங்கள் இருவரும்தான். சமைக்கிறாள், சாப்பிட்டியா என்கிறாள், விளக்கைப் போட்டு வைக்கிறாள். தினமும் காலையில் என் கட்டில் பக்கத்தில் ஒரு தம்ளரில் ஒரே ஒரு கார்னேஷன் வைக்கிறாள். ஓரம் சிவந்தது. அது எப்போதும் முந்தின நாள் பூவாக இருக்கும். அதாவது ஒரு ராத்திரி முழுக்க எங்கள் வீட்டிலேயே விழித்திருந்து, நான் இருக்கும் காற்று நல்ல காற்று என்று பார்த்துச் சொல்லிவிட்ட பூ. அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அழகுணர்ச்சி.

ராத்திரியில் அவள் தூங்குவதில்லை. பக்கத்து அறையிலிருந்து என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிகிறது. முன்பு எதற்காகக் கேட்டாள் என்று சொல்லியிருக்கிறாள். இப்போது எதற்காக என்று சொல்லவில்லை.

இன்று காலை கண் விழித்தபோது தம்ளரில் இருந்த பூ புதிதாக இருந்தது. வெறும் வெள்ளை.

நான் எழுந்து, முகம் கழுவி, நடைப்பயிற்சிக்குக் கிளம்பி, அப்படியே உங்கள் நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். மனசாட்சி உள்ளவன் என்பதால் வந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. பனியில் செருப்புப் போடாமல் வந்ததை உங்கள் ஆள் பார்த்துச் சிரித்தார். அவசரம்தான், பயம் அல்ல.

இதுவரை எழுதியது நான் செய்தது. ஏன் செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரு நல்ல நகைச்சுவைக்காக. அதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் ஒன்று. அந்த உரையின் முடிவில் மாப்பிள்ளை குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். வாசலில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தபோது, அந்த வரி வரும் ஒவ்வொரு முறையும் நான் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அந்த வரி தேவைப்படாது என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது. தூங்கிய பூக்களைக் கையில் எடுத்தபோதே தெரிந்திருந்தது. அக்கா வேறு ஊருக்குப் போகமாட்டாள் என்பதும் தெரிந்திருந்தது.

இப்போது உங்கள் ஆள் உள்ளே வந்து போனார்.

"உங்க அக்கா வந்திருக்காங்க தம்பி. செருப்பு கொண்டுவந்தாங்க. இதையும் குடுக்கச் சொன்னாங்க" என்று மேஜையில் ஒரு தம்ளரை வைத்தார். தண்ணீர் நிறைய. அதில் ஒரு கார்னேஷன். "ரொம்பக் களைச்சிருக்கீங்களாம். கொஞ்சம் தூங்கச் சொன்னாங்க. ஹீட்டரைக் கூட்டி வைக்கவா?"

"வேணாம். அக்கா எங்க?"

"வாசல்லதான், நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காங்க. நான் இருக்கேன்னு சொன்னேன், வேணாம், அவன் பக்கத்துல நானே இருக்கேன்னு சொல்லிட்டாங்க. தங்கமான அக்கா தம்பி உங்களுக்கு." சிரித்தபடியே வெளியே போய்க் கதவைச் சாத்தினார். கதவு வெளிப்பக்கம் திறப்பது. இப்போது கவனித்தேன்.

பூவைப் பார்த்தேன். ஓரத்தில் சிவப்பு இல்லை. காம்பு ஈரமாக, இப்போதுதான் நறுக்கியது போல இருக்கிறது. இது இன்னும் பார்க்கவே ஆரம்பிக்கவில்லை.

நாற்காலி கதவில் சாய்கிற சத்தம் கேட்டது.

"அக்கா" என்று கூப்பிட்டேன். சத்தமாக இல்லை, சாதாரணமாகத்தான்.

"ஒரு நிமிஷம்டா" என்றாள்.

ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கிறது. சுவாலை நீலமா மஞ்சளா என்று இங்கிருந்து சரியாகத் தெரியவில்லை. எனக்கு லேசாகத் தலை வலிக்கிறது, இவ்வளவு எழுதினால் யாருக்கும் வலிக்கும். நீங்கள் தேநீர் குடித்துவிட்டுச் சீக்கிரம் வந்தால் நன்றாக இருக்கும், ஐயா. அவசரம் ஒன்றும் இல்லை.

எழுந்து ஜன்னலிடம் வந்துவிட்டேன். காகிதத்தைச் சுவரில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும். கொக்கி துருப்பிடித்திருக்கிறது. ஆனால் சட்டத்துக்குக் கீழே ஒரு சந்து இருக்கிறது.

சுண்டு விரல் நுழைகிறது.

இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன்.